இரு பேருந்துகளுக்கு நடுவே டிரைவர் சிங்காரம் கண்விழித்த படலம்

வாழ்க தங்கமணி! வடைச்சட்டி ஆளும் வலக்கரமும், ஒரே இழுப்பில் ஒன்பது தேநீர் ஆற்றும் இடக்கரமும் வாய்க்கப் பெற்றவளே! உதகையிலிருந்து கூடலூர் இறங்கும் பெருவழியில், நடுவட்டத்து வளைவில், தகரக்கூரை வேய்ந்த தேநீர்க் கோட்டத்தின் தனிப்பெருந் தலைவியே! வெள்ளியங்கிரி என்னும் வேட்டி கட்டிய மலையின் மனையாட்டியே! உன் புகழ் பாடப் புகுந்தோம், எங்கள் நாவில் வந்து அமர்வாயாக. அமர நேரமில்லை என்றால் நின்றபடியே வாழ்த்திவிட்டுப் போ. நேரமில்லாமை உனக்கொன்றும் புதிதல்ல. இந்தக் காவியமே அதைப் பற்றியதுதான்.

கேளுங்கள், பெருமக்களே. ‘கோமேதக மாளிகை’ என்றொரு தொலைக்காட்சித் தொடர், திங்கள் முதல் சனி வரை, மாலை ஏழரை மணிக்கு, தொள்ளாயிரத்து நாற்பது நாள்களாகத் தமிழர் இல்லந்தோறும் கண்ணீர் மாரி பொழிந்து வந்தது. அதில் வேதநாயகி என்றொரு மாமியார் உண்டு. அவள் மூக்குத்தி மின்னினால் நான்கு மருமகள்கள் நடுங்குவதும் உண்டு. இவர்களில் ஒருவர்மேலும் நம் தலைவிக்கு மனம் செல்லவில்லை. சென்றதெல்லாம் அம்மாளிகையின் கார் டிரைவர் சிங்காரத்தின் மேல். நூற்றுப் பன்னிரண்டாம் நாளில் முதலாளிக்குக் கார்க்கதவைத் திறந்துவிட்டு நிமிர்ந்தான், தலையில் தேங்காய் விழுந்தது, நினைவிழந்தான். அன்று படுத்தவன் படுத்தவன்தான். அதற்குப் பிறகு அந்த மாளிகையில் ஏழு கல்யாணம், மூன்று கொலை, ஒரு யானை கடத்தல் எல்லாம் நடந்தேறின. சிங்காரம் எப்படி இருக்கிறான், கஞ்சி குடித்தானா என்று ஒரு நாதி கேட்கவில்லை! நாளெல்லாம் டிரைவர்களுக்கு டீ ஊற்றுகிறவளுக்கு இது பொறுக்குமா? வயிறு எரிந்தது.

எரிந்த வயிற்றிலிருந்து எழுந்தது காவியம். ‘வெண்மேக வேங்கை’ என்னும் புனைபெயர் பூண்டு, போனில் கதை படிக்கும் செயலி ஒன்றில், ‘சிங்காரம் எழுந்தால்’ என்ற பெருங்கதையைத் தங்கமணி தொடங்கினாள். அதில் வேதநாயகியின் ஆவி கிரைண்டருக்குள் புகுந்துகொண்டு, மாவு ஆட்டும்போதெல்லாம் மருமகள்களைத் திட்டித் தீர்த்தது. முதலாளிக்கு ஓர் இரட்டைப் பிறவி இருந்தார், அந்த இரட்டைப் பிறவிக்குத் தனியாக இன்னோர் இரட்டைப் பிறவியும் இருந்தார். சொத்து வழக்கில் காட்டெருமை ஒன்று கறுப்புக் கோட்டு மாட்டி வாதாடி, எதிர்த்தரப்பின் ஆவணங்களை மேய்ந்தே வழக்கை வென்றது. நினைவிழந்த சிங்காரமோ கட்டிலோடு களவாடப்பட்டு, பைக்காரா ஏரியில் படகுபோல மிதந்து, சுற்றுலாப் பயணிகளால் வாடகைக்கு எடுக்கப்பட்டான். படித்த மேதைகள் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும். அறுபது அத்தியாயத்தையும் ஒன்றுவிடாமல் படித்த நாற்பத்து மூன்று பேர் இந்தப் பூவுலகில் இருந்தார்கள்.

எழுத நேரம்? அது எங்கே இருந்தது! உலகத்தார் பொழுதை மணியால் அளப்பார்கள், தங்கமணி பேருந்தால் அளந்தாள். ஊட்டிப் பேருந்து போனபின் கூடலூர்ப் பேருந்து வரும்வரை ஒரு பத்தி. நடுவில் எஸ்டேட் லாரி வந்து நின்றால் அரைப் பத்தி. பேருந்து தாமதமானால் கதையில் காதல் நீளும், சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தால் யாராவது பொசுக்கென்று செத்துப்போவார்கள். ஒருமுறை மண்சரிவில் சாலை அடைபட்ட இரண்டு நாளில் அவள் நான்கு அத்தியாயம் எழுதினாள். அந்த இரண்டு நாளையும் இன்றைக்கும் ஏக்கத்தோடு நினைத்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் தலையில்தான் இடி விழுந்தது. சனிக்கிழமை மாலையோடு ‘கோமேதக மாளிகை’ நிறைவுபெறுகிறது என்று தொலைக்காட்சி முரசறைந்தது. அசல் முடிந்த பிறகு தன் முடிவைப் போட்டால், பார்த்து எழுதியது என்று ஊர் சொல்லாதா? அது மட்டுமா? தங்கமணி டைப்ரைட்டிங் படித்தாள், பரீட்சைக்கு முந்தின வாரம் கல்யாணம் வந்தது. தையல் கற்றாள், இரண்டாவது கை தைக்கப் பழகும் முன்னே வகுப்பு நின்றது. ஒற்றைக் கை வைத்த ரவிக்கை பெட்டியில் கிடக்கிறது. கார் ஓட்டக் கற்றாள், முன்னால் ஓட்டத் தெரியும், பின்னால் எடுக்கத் தெரியாது. தனக்கென்று தொடங்கிய எதையும் நாற்பத்தோரு வயதுவரை அவள் முடித்ததில்லை. இதையாவது முடித்தே தீருவது என்று வெள்ளிக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு செயலியில் அறிவித்தாள்:

“நாளை மாலை ஏழரை மணிக்கு முன்பாகச் சிங்காரம் கண்விழிப்பான். இது வெண்மேக வேங்கையின் வாக்கு!”

பத்தொன்பது பேர் சிவப்பு இதயம் அனுப்பினார்கள். இனிப் பின்வாங்க முடியாது.

சனிக்கிழமை புலர்ந்தது. போன் பகலெல்லாம் கல்லா மேசையில் வெள்ளியங்கிரியின் காவலில் இருக்க வேண்டியது, வாடிக்கையாளர் அனுப்பும் காசு வந்ததா என்று அதில்தான் பார்ப்பார். ஆகவே நம் தலைவி பகலில் தாளில் எழுதி, மாலையில் போனில் ஏற்றுவதே முறை. போன வருடத்து மாதக் காலண்டரைக் கிழித்து, அதன் வழவழத்த முதுகில், பேருந்துக்குப் பேருந்து எழுதினாள். வாழைக்காய் சீவியபடி ஒரு காட்சி, பால் பொங்கும்வரை ஒரு காட்சி, கூரையில் குதித்த குரங்குப் படையைக் கரண்டி வீசி விரட்டிவிட்டு மூச்சிரைக்க ஒரு காட்சி. மதியம் இரண்டு மணிக்கு ஏழு தாள்கள் நிறைந்தன. கடைசிப் பத்தி மட்டும் பாக்கி. அவற்றை பன் டப்பாவின் அடியில் பத்திரப்படுத்திவிட்டு, மனம் குளிர, பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனாள்.

அந்தோ, போகாதே! என்று கத்த அங்கே யாரும் இல்லை.

நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பது உலகறிந்த சேதி. பிடிபட்டால் அபராதம். அதனால் வெள்ளியங்கிரியின் கண்ணுக்கு இம்மலைமேல் உள்ள காகிதம் யாவும் வடை மடிக்கவே அவதரித்தவை. கல்யாணப் பத்திரிகையில் மடித்திருக்கிறார், கட்சி நோட்டீசில் மடித்திருக்கிறார், ஒருமுறை தன் சொந்த ரேஷன் விண்ணப்பத்திலேயே மடித்திருக்கிறார். அன்று பார்த்து ஒரு வேன் நிறையக் கோயமுத்தூர்க் கூட்டம் வந்து இறங்கி, இருபத்தெட்டு வடை கட்டச் சொன்னது. அவர் கை பன் டப்பாவின் அடிக்குப் போனது.

கழுவிய பாத்திரத்தோடு திரும்பி வந்த தங்கமணி டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள், பக்கத்து டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள், கடைசியில் கணவரைப் பார்த்தாள்.

“ஏனுங்க, இங்க காலண்டர் பேப்பர் வெச்சிருந்தனே?”

“அதா? நல்ல கெட்டிப் பேப்பர் அம்மிணி! எண்ணெய் ஒரு சொட்டு ஊறுல. வேன்காரங்களுக்கு மடிச்சுக் குடுத்துட்டேன். இன்னும் இருக்குதா?”

ஐயகோ! ஏழு தாளில் எழுந்து நிற்க இருந்த சிங்காரம், ஏழு பொட்டலமாகி, தேங்காய்ச் சட்னி மணக்க, ஏழு பேர் மடியில் மலையிறங்கிக்கொண்டிருந்தான். கூத்தைப் பாருங்கள், குற்றவாளியைத் திட்டவும் வழியில்லை! திட்டினால் அது என்ன பேப்பர் என்று கேட்பார். கிரைண்டருக்குள் மாமியார் புகுந்த கதை என்று இருபது வருடம் குடும்பம் நடத்திய மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? “ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டு, வெங்காயம் உரிக்க உட்கார்ந்து, உரிக்கும் முன்பே அழுதாள். நிஜமாகவே அழுதாள். முடிக்க விதியில்லாதவள் என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

இனித் தாளில்லை, நேரே போன்தான் என்று முடிவு கட்டினாள். அக்கா மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்றொரு பொய்யைப் பொரித்தெடுத்து, ஆறு மணிக்குக் கல்லாவிலிருந்து போனை மீட்டாள். கடைக்குப் பின்னால் ஒரு சரக்கறை. அங்கே இருக்கும் ஒரே பிளக்கில் சார்ஜரைச் செருகி, வெங்காய மூட்டைமேல் அமர்ந்தாள். மிளகாய்ப்பொடி டின்னுக்கு மேலே உயர்த்திப் பிடித்தால் மட்டுமே அங்கே சிக்னல் இரண்டு கோடு காட்டும், மற்ற இடத்தில் கிடைக்காது. இதற்குக் காரணம் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. போனில் ஒன்பது சதவீதம் இருந்தது. விரல்கள் பாய்ந்தன. சிங்காரத்தின் கட்டில் பைக்காராவிலிருந்து கரையேறியது.

அப்போது வந்தது மூடுபனி. அந்தப் பனிக்குள்ளிருந்து, ஆறே முக்கால் மணிக்கு, மஞ்சள் விழிகள் இரண்டு எரிய, உறுமிக்கொண்டு வந்து நின்றது கூடலூர்ப் பேருந்து. வழக்கமாக ஐந்து நிமிடம் நின்று போகிற வண்டி அது. அன்றோ கண்டக்டர் படியில் நின்று, நாற்புறமும் கேட்க ஆணையிட்டார்:

“கீழ் வளைவுல மரம் விழுந்து கெடக்குதுங்க! அறுத்து எடுக்க முக்கால் மணி நேரமாகும். எல்லாரும் எறங்கி டீ குடிங்க!”

ஐம்பத்து நான்கு பேர் இறங்கினார்கள். குரங்குக் குல்லாய் அணிந்த கிழவர்கள் முன்னணியில், கைக்குழந்தை ஏந்திய தாய்மார் நடுவணியில், போர்வை போர்த்திய கல்லூரிக் காளையர் பின்னணியில் எனத் திரண்டு, பத்தடி அகலக் கடையை முற்றுகையிட்டார்கள். டீ என்றது ஒரு பக்கம், பால் கம்மி என்றது மறு பக்கம், வர்க்கி பிஸ்கெட் புதுசா என்றது ஒரு குரல், பாத்ரூம் எங்கே என்றது பல குரல். எல்லாருக்கும் மேலாக, டிவியைப் போடுங்கள், இன்று ‘கோமேதக மாளிகை’ கடைசி நாள் என்று ஒரு பெருங்கூச்சல். இத்தனையும் தாங்காமல் கல்லாவிலிருந்து எழுந்தது வெள்ளியங்கிரியின் அபயக்குரல்.

“அம்மிணீ!”

போகாதிருக்க முடியுமா? வெள்ளியங்கிரி டீ போட்டால் குடித்தவர் அடுத்து வெந்நீர் கேட்பது வழக்கம். போனை பிளக்கிலேயே விட்டுவிட்டு ஓடினாள். பத்து டீ ஆற்றிவிட்டு, வெங்காயம் எடுக்கிறேன் என்று உள்ளே ஓடி ஒரு வரி எழுதினாள். பன்னிரண்டு டீ ஆற்றிவிட்டு, சர்க்கரை எடுக்கிறேன் என்று ஓடி இன்னொரு வரி. இப்படி அன்று அவள் எடுக்கப் போன வெங்காயத்துக்கும் சர்க்கரைக்கும் கணக்கே இல்லை, எடுத்து வந்தது ஒன்றும் இல்லை.

கூட்டத்தில் யூனிஸ் என்றொரு நங்கை இருந்தாள். ஊட்டியில் துணிக்கடை வேலை, சனிக்கிழமைதோறும் கூடலூரில் இருக்கும் தன் வீட்டுக்கு இறங்குவாள். படை முழுதும் ஒருபுறம் என்றால் இவள் ஒருத்தி மறுபுறம். “சேச்சி, மாத்திரை போடணும், சுடுதண்ணி கிட்டுமா?” என்றாள். கொடுத்தால், ஆற்றித் தரச் சொன்னாள். வடை கேட்டாள், ஆறிப்போயிருக்கிறது என்று திருப்பினாள், சூடாகத் தந்தால் சுடுகிறது என்றாள். ஒவ்வொரு கேள்விக்கும் தங்கமணியின் ஒவ்வொரு வரி பலியானது. இந்தப் பெண்ணை மட்டும் மரம் அறுக்க அனுப்பினால் என்ன என்று நம் தலைவி எண்ணியது உண்மை.

ஏழு மணிக்கு, பக்கத்து இருக்கைக்காரியிடம் யூனிஸ் உரக்கப் புலம்பினாள்.

“சீரியல் எப்படியோ போகட்டும் அக்கா. எனக்கு அந்த வெண்மேக வேங்கை எழுதுற கதைதான் வேணும். ஏழரைக்குள்ள சிங்காரத்தை எழுப்புறேன்னு வாக்குக் குடுத்துச்சு. இன்னும் போடல பாருங்க! அங்க என்னத்த வெட்டி முறிக்குதோ!”

தங்கமணியின் கையிலிருந்த தட்டு ஆடியது, நான்கு டீ தளும்பியது. நாற்பத்து மூன்று வாசகரும் அவளுக்கு இதுவரை எண்தான். இப்போது அதில் ஒன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையில் கடித்த வடையோடு, எதிரே உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்தது! நான்தான், நான்தான் அது என்று சொல்லத் துடித்தாள். சொன்னால் ஐம்பத்து நான்கு பேருக்கும் வெள்ளியங்கிரிக்கும் விளக்கம் சொல்ல அரைமணி ஆகும். மணியோ ஏழு நான்கு. வாயைக் கட்டி, காலைக் கிளப்பினாள்.

ஏழே கால் ஆயிற்று. கடைசி ஈடு வடையை விநியோகித்துவிட்டுச் சரக்கறைக்குள் பாய்ந்தவள் அப்படியே நின்றாள். பிளக்கிலிருந்து அவள் ஒயர் பிடுங்கி எறியப்பட்டிருந்தது. அந்தச் சிம்மாசனத்தில் வேறொரு போன் வீற்றிருந்தது. வெங்காய மூட்டைமேல் யூனிஸ் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

“என் போன் செத்துப்போச்சு சேச்சி, அதான் அண்ணன்கிட்டக் கேட்டேன், உள்ள போய் போட்டுக்கச் சொன்னாங்க. அந்தக் கதை வந்தா உடனே படிக்கணும்ல?”

தன் போனைப் பார்த்தாள் தங்கமணி. ஏறியதெல்லாம் எழுதியதில் இறங்கி, ஆறு சதவீதம் நின்றது. கேளுங்கள், எந்தப் போர்க்களமும் காணாத இக்கட்டை! ஒயரைப் பிடுங்கினால் எழுதலாம், படிக்க இவளுக்குப் போன் இருக்காது. விட்டுவிட்டால் படிக்க இவள் இருப்பாள், எழுதத் தனக்குப் போன் இருக்காது. கை ஒருமுறை பிளக்கை நோக்கிப் போனது. யூனிஸ் செத்த போனின் முகத்தை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை திரும்பிவிட்டது. “இருக்கட்டும் கண்ணு, போட்டுக்க” என்று சொல்லிவிட்டு, மூலையில் மண்ணெண்ணெய் டின்மேல் சாய்ந்து, ஆறு சதவீதத்தோடு அவள் களம் இறங்கினாள்.

ஆறு, ஐந்தானது. முதலாளியின் இரட்டைக்கு இரட்டையை ஒரே சொல்லில் துபாய்க்கு அனுப்பினாள். ஐந்து, நான்கானது. நான்கு பக்கம் ஓடவேண்டிய படகுக் கல்யாணத்தைத் தாலி கட்டி மூன்றே வரியில் முடித்தாள். வெளியே வெள்ளியங்கிரி அம்மிணீ என்று அலறினார், முதன்முதலாக அந்தக் குரலுக்கு அவள் எழவில்லை. மூன்றில் காட்டெருமை வக்கீல் கல்யாண மாலையைத் தின்றுவிட்டு விடைபெற்றது. இரண்டில் நான்கு மருமகள்களும் சிங்காரத்தின் கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள், கிரைண்டரும் உருட்டிக்கொண்டு வரப்பட்டது. அறுபத்தோர் அத்தியாயமாக எல்லாரையும் திட்டியே பழகிய வேதநாயகியின் ஆவி, குழவிக்கு அடியிலிருந்து, தணிந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டது.

‘சிங்காரம், சாப்டியாப்பா?’

அவன் கண்ணைத் திறந்தான்.

முற்றும் என்று அடித்தாள். அந்த நாலெழுத்தை அவள் வாழ்நாளில் முதல்முறையாக எழுதுகிறாள். மணி ஏழு இருபத்தெட்டு. பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுழன்றது, சுழன்றது, அங்கேயே சுழன்றது. மண்ணெண்ணெய் டின்மேல் ஏறி, ஒற்றைக் காலில் நின்று, மிளகாய்ப்பொடி டின்னுக்கு மேலே போனை உயர்த்தினாள். ஒரு கோடு. இரண்டு கோடு. ‘வெளியிடப்பட்டது’ என்ற எழுத்து மின்னிய மறுகணம், கடமை முடித்த போன் இருண்டு உயிர்விட்டது.

கடையில் தொடரின் தலைப்புப் பாட்டு முழங்க, எல்லாத் தலைகளும் டிவி பக்கம் திரும்பின. யூனிஸின் தலை திரும்பவில்லை. வேறு கம்பெனி சிம் போட்ட அவள் போன், மிளகாய்ப்பொடி டின்னின் தயவில்லாமலே, டிங் என்றது.

தங்கமணி கீழே இறங்கி, பொறுக்க வேண்டாத வெங்காயத்தைப் பொறுக்கியபடி, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துபாய் என்ற சொல்லைப் படித்ததும் யூனிஸ் களுக்கென்று சிரித்தாள். காட்டெருமை மாலை தின்ற இடத்தில் தொடையில் தட்டிக்கொண்டு, “ஐயோ, என்ட தெய்வமே!” என்றாள். கடைசி வரிக்கு வந்ததும் ஷாலின் முனையால் கண்ணைத் துடைத்தாள்.

“சாப்டியான்னு கேட்டுட்டாங்க சேச்சி! இத்தன நாள்ல ஒருத்தராவது கேட்டாங்களா அவனை?”

“இல்லீங்க கண்ணு. ஒருத்தரும் கேக்குல” என்றாள் தங்கமணி.

யூனிஸ் போனைப் பையில் போட்டுக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாய்த் தலையை ஆட்டினாள்.

“யாரோ வேலை வெட்டி இல்லாத பொம்பளையா இருக்கும். இப்படியெல்லாம் உக்காந்து எழுத அதுக்கு எங்கேர்ந்துதான் நேரம் கிடைக்குதோ!”

இதோ, இதோ வந்துவிட்டது காவியத்தின் உச்சம்! மலையே, காது கொடு! மூடுபனியே, விலகி நில்! அறுபத்தோர் அத்தியாயம் கண்ட வேங்கை, ஒன்பது சதவீதத்தில் தொடங்கி ஒற்றைக் காலில் நின்று வென்ற வீராங்கனை, எடுத்ததை முடித்த எங்கள் தங்கமணி, இதோ நெஞ்சை நிமிர்த்தி, வாய் திறந்து, தன் நாமத்தைத் திசையெட்டும் அதிரச் சொல்லப் போகிறாள் என்று நாங்கள் மூச்சடக்கி நின்ற அந்தக் கணத்தில், மரத்தை அகற்றிவிட்டார்கள் என்று கண்டக்டர் விசிலடிக்க, கல்லாவிலிருந்து வெள்ளியங்கிரி, “அம்மிணீ, பஸ் கெளம்புது, அந்தப் புள்ளைக்கு இன்னும் டீ குடுக்கல பாரு!” என்று கூவ, வேங்கை வாயை மூடி, திறந்து, சர்க்கரை எவ்வளவுங்க என்று கேட்டது.

யூனிஸ் அரைக் கரண்டி போதும் என்றாள்.